காட்டுயிர்க் காட்சியும் அருளறமும்

ஓர் உயிரைக் கொல்லாமலும் அதற்கு ஊறு செய்யாமலும் கண்ணால் மட்டும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்ற ஒருவரிடம் அறநூல் கேட்பதற்கு இன்னும் ஏதேனும் இருக்கிறதா என்பது, காட்டுயிர்ச் சுற்றுலா உலகெங்கும் பெருகிவரும் இக்காலத்தில் சமயச் சிந்தனை எதிர்கொள்ள வேண்டிய வினாக்களுள் ஒன்றாகும். தான்சானியாவின் செரெங்கெட்டி, தென்னாப்பிரிக்காவின் குரூகர் போன்ற தேசிய பூங்காக்களுக்கு, அதாவது வேட்டையும் பயிர்த்தொழிலும் சட்டத்தால் விலக்கப்பட்டு விலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட பெருநிலங்களுக்கு, ஆண்டுதோறும் பல்லாயிரவர் தொலைநாடுகளிலிருந்து சென்று, வாகனத்தில் அமர்ந்தபடியே சிங்கத்தையும் யானையையும் கண்டு வருகின்றனர். சஃபாரி எனப்படும் அப்பயணத்தை மேற்கொள்வோர் தாம் எவ்வுயிருக்கும் தீங்கிழைக்கவில்லை என்ற மனநிறைவோடு திரும்புகின்றனர். அம்மனநிறைவை எவரும் பொதுவாக ஐயுறுவதில்லை.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் இவ்வினா மேலும் நெருக்கமான வடிவில் எழுகிறது. நுவரெலியா மாவட்டத்தின் அக்கரப்பத்தனைப் பிரதேசம், டயகம, ஹோல்புரூக், வேவர்லி முதலிய தேயிலைத் தோட்டங்களைக் கொண்டு, ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பில், பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியும், மூடுபனியின் ஈரத்தைப் பாசியாலும் இலையாலும் பற்றிக்கொண்டு வளரும் முகிற்காடும் அங்கே மாறிமாறிக் கிடக்கின்றன. தமிழகத்தார் கடமான் என்று அழைக்கும் மரையையும், உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பையும் காண உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் அச்சமவெளிக்குத் திரண்டு வருகின்றனர். அதே காட்டில் ஊறும் ஆக்ரா ஓயா அக்கரப்பத்தனை வழியாக இறங்கி, கொத்மலை ஓயாவோடு கூடி மகாவலியைச் சேர்கிறது. அதே காட்டில் வாழும் சிறுத்தையோ எல்லைக்கல் எதையும் அறியாமல் தேயிலை மலைகளுக்குள்ளும் நடமாடுகிறது. ஆகவே, ஒரு விலங்கைக் கட்டணம் செலுத்திக் காண வருபவரும், காண விரும்பாமலே அதனோடு வாழ்பவரும் சில கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றனர். இவ்விரு சாராரையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றிக் காட்டுயிர்க் காட்சியின் அறத்தைத் தீர்மானிக்க இயலாது என்பதும், கொல்லாமை என்னும் அறம் வாளாவிருப்பதோடு நிறைவுறுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வேட்டை விலகிய வரலாறு

1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைப் பெற்ற இச்சமவெளி, பூங்காவாவதற்கு முன் வேட்டைக்களமாக இருந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவெல் பேக்கர், வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொல்வதை விளையாட்டாகக் கொண்டு, அதனை நூலாகவும் எழுதினார். சமவெளியிலுள்ள அருவி ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவரே பின்னர் ஆப்பிரிக்கா சென்று, அங்கும் வேட்டையைத் தொடர்ந்து, 1864இல் அல்பர்ட் ஏரியை அடைந்தார். இலங்கை மலைநாட்டையும் ஆப்பிரிக்கப் புல்வெளியையும் முதலில் இணைத்தது துப்பாக்கியே என்பது இதனால் விளங்கும். அக்காலத்தில் யானையைக் கொல்வது குற்றமாகக் கருதப்படவில்லை. அரசே அதற்கு வெகுமதி அளித்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டதாக அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் குறித்துள்ளார்.

ஏறத்தாழ 1,400 யானைகளைக் கொன்றவராகக் கூறப்படும் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் பின்னர் மின்னல் தாக்கியது என்பது மலைநாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. இதனை வினைப்பயன் என்பார் பலர். செய்த செயலின் பயன் செய்தவரையே வந்தடையும் என்னும் வினைக்கொள்கை சைவம், பௌத்தம், சமணம் மூன்றுக்கும் பொதுவானதே. ஆயினும் வினை அறிவற்ற பொருளாதலால் அது தானாகவே உரியவரைத் தேடிச் சென்று பயன் தராது என்றும், பயனைக் கூட்டுவிக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்றும் சைவ சித்தாந்தம் வாதிடுகிறது. எந்த வினை எப்போது எவ்வடிவில் பலிக்கும் என்பதை அளந்தறிவது அம்முதல்வனுக்கே உரியது. ஆதலின் ஒருவருடைய மரணத்தைச் சுட்டித் தீர்ப்புக் கூறுவதைவிட, அவ்வேட்டையால் விளைந்த இழப்பை இன்று யார் சுமக்கின்றனர் என்று கேட்பதே அறநோக்கிற்குப் பொருந்தும். ஒருகாலத்தில் யானைக் கூட்டங்கள் மேய்ந்த ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை.

வேட்டையோடு காடும் குறைந்தது. கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட மலைக்காடுகளில் கோடரி பிடித்தவர்களுள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பலர் இருந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களும் அவர்களே. காட்டை வெட்டிய கை அவர்களுடையதாயினும், வெட்டச் செய்த விருப்பமும் அதனால் விளைந்த செல்வமும் அவர்களுடையன அல்ல. ஒரு செயலைச் செய்பவர், செய்விப்பவர், அதற்கு உடன்படுபவர் என மூவரையும் வேறுபடுத்தி நோக்கும் இந்திய அறநூல் மரபு, இவ்விடத்தில் பொறுப்பை உரிய இடத்தில் வைப்பதற்குத் துணைசெய்கிறது. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தியதன் பயனாகவே உச்சிக்காடுகள் எஞ்சின. பின்னர் 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மேட்டுநிலங்களின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

துப்பாக்கி இருந்த கையில் படக்கருவி அமர்ந்த இம்மாற்றம் உண்மையான அற முன்னேற்றமே ஆகும். மான் வேட்டைக்குச் சென்ற இலங்கை மன்னன் தேவநம்பிய தீசன் மிகிந்தலைக் குன்றில் பௌத்தத் துறவி மகிந்தரைச் சந்தித்து வேட்டையை மறந்து அறம் கேட்டான் என்று மகாவம்சம் கூறும் நிகழ்ச்சியும், வேட்டையைத் துறப்பதையே இந்நாட்டின் சமய வரலாற்றுக்கு ஒரு தொடக்கமாக வைக்கிறது. எனினும் சட்டம் விலக்கியதைச் செய்யாதிருத்தல் அறத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. திருவள்ளுவர் கொல்லாமை அதிகாரத்திலேயே, உள்ளதைப் பகிர்ந்துண்டு பல உயிர்களையும் பேணுவதை நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயதாக வைக்கிறார். கொல்லாதே என்ற விலக்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் பகிர்ந்து பேணு என்ற விதியை அவர் சேர்த்திருப்பது, ஒன்று இல்லாமல் மற்றொன்று நிலைபெறாது என்று அவர் கருதியதையே காட்டுகிறது.

விலங்கும் உயிரே என்னும் கொள்கை

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த நெறியில் மெய்ப்பொருள்கள் மூன்று: இறைவனாகிய பதி, உயிர்களாகிய பசு, உயிர்களைப் பிணித்திருக்கும் பாசம். இங்குப் பசு என்பது ஒரு விலங்கினத்தைக் குறிக்காமல், கட்டுண்ட எல்லா உயிர்களையும் குறிக்கும். உயிர்கள் எண்ணற்றவை, எவராலும் படைக்கப்படாதவை, என்றும் உள்ளவை. அவை எடுக்கும் உடல்கள் மட்டுமே தோன்றி மறைகின்றன. தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என்னும் எழுவகைப் பிறப்புகளிலும் ஓர் உயிரே மாறிமாறிப் பிறந்து வரலாம். தோட்டக் கோயில்களிலும் வீடுகளிலும் ஓதப்படும் சிவபுராணத்தில், மாணிக்கவாசகர் புல்லில் தொடங்கித் தேவர்வரை தாம் எடுத்த பிறப்புகளை அடுக்கிச் சொல்லி இளைப்படைந்ததாக முறையிடுகிறார். விலங்குப் பிறப்பும் அவ்வரிசையில் இருப்பதால், ஒரு சிறுத்தையைப் பார்க்கும் சைவர் தமக்கு முற்றிலும் அயலான ஒன்றைப் பார்க்கவில்லை. தாம் கடந்து வந்திருக்கக்கூடிய நிலை ஒன்றையே பார்க்கிறார்.

இக்கொள்கையில் மேலும் நுட்பமான ஒரு பகுதி உண்டு. உயிர்கள் பாசத்திலிருந்து விடுபட்டுப் பக்குவமடையும் பொருட்டு, இறைவன் அவற்றுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் அளிக்கிறான். தனு உடம்பு, கரணம் மனம் முதலிய உட்கருவிகள், புவனம் வாழும் இடம், போகம் நுகரும் பொருள். ஓர் உயிர் எவ்வுடம்பில் வாழ்கிறதோ, அவ்வுடம்புக்கு ஏற்ற இடமும் உணவும் அதற்கு வேண்டப்படுகின்றன. இதிலிருந்து, மலைக்காடும் அதில் மேயும் மரையும் மனிதனின் கண்களுக்காக அமைந்தவை அல்ல என்பதும், அங்கு வாழும் சிறுத்தைக்கு அவையே புவனமும் போகமும் என்பதும் பெறப்படும். பழைய ஆசிரியர்கள் காடழிப்பைக் கண்டு இவ்வாறு எழுதினார்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வகுத்த கொள்கையை இன்றைய நிலைமையில் வைத்து நேர்மையாக நீட்டினால் இம்முடிவைத் தவிர்க்க இயலாது. புவனத்தைப் பறித்துவிட்டு உயிரை மட்டும் விட்டுவைத்தேன் என்பவர், அவ்வுயிருக்கு உரிய நான்கில் இரண்டை அழித்தவராவார்.

சிறுத்தை மரையைக் கொல்கிறதே, அதற்குக் கொலைப்பாவம் இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. நன்று, தீது என்று பகுத்தறிந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் உள்ளவிடத்தேயே புதுவினை சேரும் என்றும், ஆகாமியம் எனப்படும் அப்புதுவினையை ஈட்டும் களம் மானிடப் பிறப்பே என்றும், விலங்குகள் முன்செய்ததன் பயனை நுகர்வனவே என்றும் சமய நூலோர் பொதுவாகக் கருதுவர். எனவே சிறுத்தையின் பசியில் குற்றம் காண்பதற்கில்லை. கொல்லாமை மனிதனுக்கு மட்டுமே உரிய கடமை, மனிதனுக்கு மட்டுமே கிட்டிய பேறு. 17ஆம் நூற்றாண்டில் பேரூர்ச் சாந்தலிங்க அடிகள் கொலைமறுத்தல் என்ற தனிநூலே செய்ததும், 19ஆம் நூற்றாண்டில் வடலூர் வள்ளலார் ஜீவகாருணியத்தைக் கடவுள் வழிபாட்டின் உயிர்நிலையாக வைத்ததும் இக்கடமையை வலியுறுத்தவே.

ஆயினும் தமிழ்ச் சமய மரபு முழுவதும் ஒரே குரலில் பேசுவதாகக் கொள்வது உண்மைக்கு மாறானது. பெரியபுராணத்தின் கண்ணப்பர் வேட்டுவர். தாம் கொன்ற பன்றியின் இறைச்சியை இறைவனுக்குப் படைத்தவர். மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் அர்ச்சுனன் தபசு என்னும் கூத்தில், தவம் செய்யும் அர்ச்சுனனைச் சோதிக்கச் சிவபெருமானே வேடனாக வந்து ஒரு பன்றியின் பொருட்டுப் போரிடுகிறான். தோட்ட எல்லைகளில் நிற்கும் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் ஆடும் சேவலும் பலியிடப்படுகின்றன. இவ்வேறுபாடுகளை மறைக்க வேண்டியதில்லை. வேட்டுவருக்கும் பலியிடுவோருக்கும் காடு அச்சமும் நன்றியும் ஊட்டும் இடமாக இருந்தது. அவர்கள் கொன்றபோதும், கொல்லப்பட்டதை வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. மரபின் இரு கிளைகளும் ஒன்றுபடும் இடம் இதுவே: விலங்கின் உயிரோடு விளையாடுவதை இரண்டும் ஏற்பதில்லை.

காணுதலின் இருவகை

உயிர் எதனைச் சார்கிறதோ அதன் தன்மையையே தன் தன்மையாகக் கொள்ளும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். இதன்படி, காண்பவர் காணப்படுவதால் மாறாமலிருக்க முடியாது. எதை, எம்மனநிலையோடு காண்கிறார் என்பது அவரையே உருவாக்குகிறது. குரு தம் பார்வையால் மாணவனின் பாசத்தை நீக்கும் நயன தீக்கையை விளக்க வந்த நூல்கள், தொட்டு அடைகாக்கும் பறவை, நோக்கிக் குஞ்சு பொரிக்கும் மீன், நினைந்து பொரிக்கும் ஆமை என மூன்று உவமைகளைத் தருகின்றன. உயிரியல் நோக்கில் இவை எவ்வாறாயினும், பார்வை என்பது எதிரிலுள்ள உயிரை வளர்க்கவும் வல்ல ஒரு செயல் என்று மரபு கருதியது இதனால் தெளிவாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு இலங்கையின் ஒரே காட்டுக்குள் செல்லும் இருவகைப் பயணங்களை ஒப்பிடலாம். யாலவுக்குள் வாகனங்களில் செல்வோரின் முதல் விருப்பம் சிறுத்தை. ஒரு மரக்கிளையில் அது படுத்திருக்கும் செய்தி வாகன ஓட்டிகளிடையே பரவியதும், அவ்விடத்தை நோக்கி வாகனங்கள் விரைந்து குவிவதும், முன்வரிசைக்காக ஒன்றையொன்று நெருக்குவதும் அங்கு நெடுநாளாகப் பேசப்பட்டுவரும் குறைகள். இங்குக் காட்சி என்பது செலுத்திய பணத்துக்கு ஈடாகப் பெற வேண்டிய பொருளாகிவிடுகிறது. விலங்கு தோன்றாவிடில் ஏமாற்றமும் தோன்றினால் நிறைவும் உண்டாகின்றன. அவ்விலங்கின் ஓய்வு எவருடைய கணக்கிலும் சேர்வதில்லை.

மற்றொரு பயணம் கதிர்காமப் பாதயாத்திரை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புறப்பட்டு வரும் அடியார்கள், ஆடித் திருவிழாவை ஒட்டிக் காட்டுப்பாதை திறக்கப்பட்டதும் உகந்தை முருகன் கோயிலில் கூடி, குமண, யால காடுகளைக் கால்நடையாகக் கடந்து, மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தை அடைகின்றனர். அவர்களிடம் துப்பாக்கியும் இல்லை, வாகனமும் இல்லை. யானையின் புதுச் சாணத்தைக் கண்டால் நின்று, கூட்டமாகச் சேர்ந்து, அரோகரா என்று குரலெழுப்பித் தம் வருகையை அறிவித்து, அது விலகிச் செல்லப் பொழுது கொடுத்து நடக்கின்றனர். காட்டுயிர் தென்படலாம், தென்படாமலும் போகலாம். தென்பட்டால் அது முருகன் காட்டியதாகவே கொள்ளப்படுகிறது. இவர்கள் காட்டின் உரிமையாளராகச் செல்லாமல் விருந்தினராகச் செல்கின்றனர். அச்சத்தில் விலங்கோடு தாமும் பங்கு கொள்கின்றனர். யாத்திரிகரின் தொகை பெருகியுள்ள இக்காலத்தில் அவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக்கும் பெருகியுள்ளது என்பதை மறுக்க இயலாது. பக்தி என்ற பெயர் மட்டுமே எவரையும் தூய்மையாக்குவதில்லை. ஆயினும் காட்சியைப் பறித்தெடுப்பதற்கும் அருளப்பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரு பயணங்களிலும் வெளிப்படையாகத் தெரிகிறது.

கண்ணப்பரின் வரலாறு இவ்வேறுபாட்டை இன்னும் ஆழப்படுத்துகிறது. இறைவனின் திருமேனியில் கண்ணிலிருந்து குருதி வடிவதைக் கண்ட அவ்வேட்டுவர், கண்டதோடு நில்லாமல் மருந்து தேடி ஓடுகிறார். அது பயன்படாதபோது தம் கண்ணையே இடந்து அப்புகிறார். சேக்கிழார் காட்டும் அடியார்களுள் காணுதலை அதன் இறுதி எல்லைக்குக் கொண்டுசென்றவர் இவரே. புண்ணைக் கண்டவருக்கு அப்புண்ணின் மேல் பொறுப்பு உண்டாகிவிடுகிறது என்பதே அவ்வரலாறு உணர்த்தும் அறம்.

அறிவோடு கூடாத ஈகை

ஹோர்ட்டன் சமவெளியின் நுழைவாயிலில் பார்வையாளரின் பைகள் சோதிக்கப்படுகின்றன; தண்ணீர்ப் போத்தல்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாள் கிழித்தெடுக்கப்படுகிறது; பொலித்தீன் பொதிகளில் உள்ள பிஸ்கட் முதலியன கடதாசிக்கு மாற்றப்படுகின்றன. இக்கட்டுப்பாட்டின் பின்னணியில், மரைகள் பொலித்தீனைத் தின்று இறந்த துயரம் இருக்கிறது. வாகனத் தரிப்பிடத்தை அண்டி நிற்கும் மரைகள் மனிதருக்கு அஞ்சாமல் கைக்கெட்டும் தொலைவில் வந்து நிற்கின்றன. அவற்றின் ஈரமூக்கையும் பெரிய விழிகளையும் அருகில் காணும் குழந்தைகள் மனமிளகிப் பாணையும் பழத்தையும் நீட்டுகின்றனர். அந்நெகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் புல்லுக்கும் இலைக்கும் அமைந்த வயிறு மாவுப்பண்டத்தால் கெடுகிறது; மனிதனை நம்பப் பழகிய விலங்கு, நம்பத்தகாத மனிதனையும் நம்பிவிடுகிறது.

மலையில் அகவிய மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்த பேகனைச் சங்க மரபு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறது. மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று ஆராயாது கொடுத்த அச்செயலைக் கொடைமடம், அதாவது கொடையிடத்துத் தோன்றும் பேதைமை, என்றும் அதே மரபு பெயரிட்டது. புகழ்ச்சி கொடுத்தவனின் நெஞ்சுக்கு உரியது. அப்போர்வையால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. இன்று மரைக்கு நீட்டப்படும் உணவு தீங்கு செய்கிறது என்று அறிந்தபின், அதே செயலை அருள் என்று சொல்ல இயலாது. எதிரிலுள்ள உயிரின் இயல்பை அறிந்து, அவ்வியல்பு கேட்பதைச் செய்வதே அருள். பல வேளைகளில் அது கேட்பது, மனிதன் விலகி நிற்பதை மட்டுமே.

அருளின் செவிலி

விலகி நிற்க இயலாத இடமும் உண்டு. தேயிலை மலையின் அடர்ந்த நிரைகள் சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையோடு மலைக்கு ஏறும் பெண்கள், பொலி பொலி என்று வாழ்த்தொலி எழுப்பிக் கொழுந்தில் கை வைப்பது மலையகத்தின் பழைய வழக்கம். விளைவு பெருக வேண்டும் என்பது அதன் கருத்து. இடுப்பளவு உயர்ந்த செடிகளுக்கிடையே முன்னால் என்ன படுத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அருகில் ஆள் வந்த பின்னரே விழித்துத் திடுக்கிடும் சிறுத்தை பாய்ந்து கீறிவிட்டு ஓடுவதும், இரவில் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயத்து வாசலிலிருந்து நாயைத் தூக்கிச் செல்வதும் மலைநாட்டுத் தோட்டங்களில் நிகழ்ந்து வருகின்றன. தேயிலைச் செடி வெட்டும் வேலையைக் காக்கும் கவ்வாத்துச் சாமிக்கும், தொழிற்சாலைப் பொறிகளைக் காக்கும் ரோதமுனிக்கும் வழிபாடு செய்யும் இம்மக்கள், ஒவ்வொரு வேலையிலும் உடலுக்கு நேரக்கூடிய இடரை நன்கறிந்தே அத்தெய்வங்களை நிறுவியுள்ளனர்.

சிறுத்தைக்கு நேரும் இடரும் சிறிதன்று. மரக்கறித் தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்காகவும், இறைச்சிக்காகவும் வைக்கப்படும் கம்பிச் சுருக்கு, அவ்வழியே நடக்கும் எதனையும் பிடித்துவிடும். விலங்கு முன்னோக்கி இழுக்கும்தோறும் சுருக்கு இறுகித் தோலையும் தசையையும் அறுக்கிறது. விடுபடத் திமிறும் பல மணிநேரப் போராட்டத்தில் உள்ளுறுப்புகளும் நைந்துவிடுகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் இவ்வாறு சிக்கிய கருஞ்சிறுத்தை, உயிரோடு மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாள்களில் இறந்தது. மலைநாட்டுக்கு வெளியே, 2018 ஜூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்று அடித்துக் கொல்லப்பட்டதும், அக்காட்சி நாடெங்கும் பரவிப் பெருங்கண்டனத்துக்கு உள்ளானதும் நினைவிருக்கும். கண்டித்தவர்களுள் பெரும்பாலோர் சிறுத்தையை வாகனத்திலிருந்தோ திரையிலோ மட்டுமே கண்டவர்கள்.

இந்நிலையில் அறம் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே மையமான வினா. திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் அன்புக்கும் அருளுக்கும் வேறுபாடு காட்டி, தொடர்புடையார்மேல் செல்வது அன்பு என்றும், தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள் என்றும் விளக்குவார். திருவள்ளுவரோ அருளை அன்பு பெற்ற குழந்தையாக உருவகித்து, அக்குழந்தை செல்வம் என்னும் செவிலித்தாயால் வளர்க்கப்படுகிறது என்கிறார். இக்கருத்தைப் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. எல்லா உயிர்களையும் தழுவும் உயர்ந்த கருணைகூட, பொருளின் துணையின்றி இவ்வுலகில் வளராது என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். செவிலியைத் தராமல் குழந்தையை மட்டும் வளர்க்கச் சொல்வது நீதியன்று. ஒற்றை அறை லயத்தில், வெளியே கழிப்பறையும் வெளிச்சமில்லாத பாதையும் கொண்டு, நாளாந்த வேதனத்தை நம்பி வாழும் குடும்பத்திடம், சிறுத்தையிடம் அருள் காட்டுங்கள் என்று அறிவுரை சொல்வது மட்டும் அறமாகாது. அவ்வருளைத் தாங்குவதற்கான பொருளைக் கொண்டுசேர்க்கும் கடமை, அவ்விலங்கைக் காண்பதில் இன்பமும் அதனைக் காட்டுவதில் வருவாயும் பெறுபவர்களுக்கு உரியது.

புவனம் பற்றிய சைவக் கொள்கை இங்கு இரு பக்கமும் வெட்டுகிறது. சிறுத்தைக்குக் காடு புவனமாயின், தொழிலாளிக்கு லயமும் மலையும் புவனம். ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்க இக்கொள்கை இடந்தராது. ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டி 1951இல் தேசிய பூங்காவான பின், அங்கு மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959இல் அதைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இலங்கையில் 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைந்தபோது பழங்குடியினரான வேடர் சமூகத்தினர் தம் வேட்டைக்காடுகளை இழந்தனர். காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவரை வெளியே நிறுத்தி, தொலைவிலிருந்து வருபவரை உள்ளே விடும் ஏற்பாட்டில் விலங்கு காக்கப்படலாம். ஆனால் அருள் அங்கு முழுமை பெற்றதாகக் கூற முடியாது. எல்லா உயிர்க்கும் என்னும்போது அவ்வெல்லாவற்றுள் மனிதரும் அடங்குவர்.

இரு மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, சுற்றுலாப் பயணியின் கட்டணமே பூங்காவின் காவலையும் பராமரிப்பையும் தாங்குகிறது; ஆகவே அவர் தம் கடமையைச் செய்துவிட்டார் என்பது. கட்டணம் காவலுக்கு உதவுவது உண்மை. அதனை இகழ்வது நன்றிகேடாகும். ஆனால் அப்பொருள் எல்லைக்குள் நின்றுவிடுமானால், எல்லைக்கு வெளியே அதே விலங்கின் சுமையைத் தாங்குபவரிடம் அது சேர்வதில்லை. காயமுற்றவரின் மருத்துவத்துக்கும், இழந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் காலந்தாழ்த்தாத இழப்பீட்டுக்கும், லயங்களைச் சூழ்ந்த வெளிச்சத்துக்கும், நாய்களை அடைத்துவைக்கும் கூட்டுக்கும், மலைகளில் சுருக்குக் கம்பியைத் தேடி அகற்றும் வேலையில் தோட்ட இளைஞருக்குக் கூலி கொடுப்பதற்கும் ஒரு பங்கு சேரும்போதே அது பகிர்ந்து பேணுதல் என்ற சொல்லுக்கு உரியதாகும்.

இரண்டாவது, மனிதர் இத்துணை வறுமையில் வாடும்போது விலங்கைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்பது. இம்மறுப்பில் நியாயமான கோபம் உண்டு. ஆயினும் இருவருக்கும் இடையே ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை. முகிற்காட்டின் இலைகளில் படிந்து சொட்டும் பனிநீரே ஆக்ரா ஓயாவாகவும், தோட்டத்துப் பீலிகளில் விழும் குடிநீராகவும் இறங்குகிறது. சிறுத்தை வாழும் காடு நிலைத்தால்தான் அந்நீரும் நிலைக்கும். மேலும் தற்காப்புக்காக ஓர் உயிரை விலக்குவதும், அச்சம் தீர்ந்த பின்னும் கூடி நின்று அடித்துக் கொல்வதும் ஒன்றல்ல. முன்னதை அறநூல்கள் பொதுவாகக் கடிந்துரைப்பதில்லை. பின்னது, அடிக்கும் மனிதரையே அவர் சார்ந்த வன்மையின் வண்ணமாக்கிவிடுகிறது.

முடிபு

பெரியபுராணத்தின் ஆனாய நாயனார் ஐந்தெழுத்தைக் குழலில் ஊதியபோது, பகை கொண்ட விலங்குகளும் பறவைகளும் பகை மறந்து ஒருங்கே வந்து நின்றன என்று சேக்கிழார் பாடுகிறார். அத்தகைய நிலை மனிதரின் முயற்சியால் ஆக்கத்தக்கதன்று. அது இறையருளின் காட்சி. ஆனால் மனிதர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கண்டு மகிழ்ந்தவர் தம் மகிழ்ச்சியின் விலையை யார் கொடுக்கின்றனர் என்று கேட்டறிந்து, அவ்விலையில் ஒரு பங்கைத் தாமும் ஏற்கலாம். செரெங்கெட்டிக்குச் செல்பவருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுபவருக்கும் இக்கடமை ஒன்றே. வேட்டையை விட்டது முதற்படி. விலங்கின் இயல்பை அறிந்து விலகி நிற்பது இரண்டாம் படி. அவ்விலங்கோடு எல்லையைப் பகிர்ந்து வாழும் ஏழையின் அச்சத்தையும் இழப்பையும் தம்முடையதாகக் கொள்வது மூன்றாம் படி. மூன்றாம் படியை ஏறாதவரின் கொல்லாமை, அவர் கை தூய்மையாயிருப்பதை மட்டுமே காட்டும். அருள் அவரிடம் பிறந்திருக்கலாம், வளர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது.